கிளியரன்ஸ் வக்கீல் ரிவ்யூ: காசு குடுத்து திட்டு வாங்குன கதை (5க்கு 4 ஸ்டார்)

ரெஸ்டாரன்ட்டுக்கும் மிக்ஸிக்கும் ரிவ்யூ எழுதிருக்கேன், வக்கீலுக்கு எழுதுறது இதான் ஃபர்ஸ்ட் டைம். நான் இருக்கறது நார்தர்ன் வர்ஜினியா, அமெரிக்கா டிஃபன்ஸ் காண்ட்ராக்டர் கம்பெனில ஐடி வேலை, வாங்குன சர்வீஸ் வந்து செக்யூரிட்டி கிளியரன்ஸ் கேஸ் மட்டும் பாக்குற ஒரு வக்கீலம்மாவோடது. பேரு போடல. அவங்க பேரோட என் கேஸ் விவரத்தையும் சேத்து போட்டா நான் யாருன்னு ஈஸியா கண்டுபுடிச்சிடுவாங்க, ஹெர்ண்டன்ல இருந்து ஆஷ்பர்ன் வரைக்கும் நாங்க எல்லாரும் ஒரே கடைலதான் கறிவேப்பிலை வாங்குறோம். அதனால ஆளுக்கு ரிவ்யூன்னு பாக்காம இந்த மாதிரி சர்வீஸுக்கு ரிவ்யூன்னு படிங்க, இங்க நம்மாளுங்க நெறைய பேருக்கு சிட்டிசன்ஷிப் கெடச்சதும் அடுத்து வர்ற தலவலி இதுதான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. செக்யூரிட்டி கிளியரன்ஸ்ங்கறது கவர்மென்ட்டோட ரகசிய விஷயங்கள பாக்கறதுக்கு குடுக்கற அனுமதி. கிளியரன்ஸுக்கு நாமளா அப்ளை பண்ண முடியாது, கம்பெனிதான் ஸ்பான்சர் பண்ணணும், கவர்மென்ட் நம்மகிட்ட ஒரு பைசா ஃபீஸ் வாங்காது. ஆனா எஸ்எஃப்-86னு ஒரு ஃபாரம் இருக்கு, நூறு பக்கத்துக்கு மேல போகும், எங்க குடியிருந்தீங்க, யாரு பாஸ், சொந்தக்காரங்க எந்த நாட்டுல, போலீஸ் கேஸ் உண்டா, கடன் உண்டா, வரி கட்டுனீங்களான்னு ஜாதகம் பாக்குறவன் கூட கேக்காததெல்லாம் கேப்பான். (இவ்ளோ கேட்டு வாங்கி வெச்சிட்டு 2 கோடியே 15 லட்சம் பேரோட விவரத்த ஹேக்கர்கிட்ட பறிகுடுத்துட்டோம்னு 2015ல ஒத்துக்கிட்டதும் இதே கவர்மென்ட்தான், அத தனியா ஒருநாள் புலம்பலாம்.)

இப்ப என் லட்சணம். 2014ல சிட்டிசன் ஆனேன், 2016 அக்டோபர்ல வேலை போச்சு, ஏழு மாசம் வீட்ல. அது வரைக்கும் யாருக்கு வேணா நடக்கும். அதுக்கப்பறம் பண்ணதுதான் என் சொந்த புத்தி, கிரெடிட் கார்டுல கேஷ் அட்வான்ஸ் எடுத்து ஷேர் மார்க்கெட்ல ஆப்ஷன்ஸ் டிரேடிங் பண்ணேன், விட்டத புடிக்கறேன்னு இன்னொரு கார்டு, நாலு கார்டுல சேத்து 41,000 டாலர். வீட்டுக்கு லெட்டர் வந்தா மாட்டிக்குவேன்னு போஸ்ட் ஆபீஸ்ல தனியா பாக்ஸ் எடுத்தேன். டிரேடிங் கணக்க பாக்கவே பயமா இருந்ததால 2016, 2017 ரெண்டு வருஷ டாக்ஸ் ரிட்டர்னும் போடல, வீட்ல கேட்டப்ப போட்டாச்சுன்னுட்டேன். 2018ல அப்ப இருந்த கம்பெனியோட கார்டுல என் கார் ரிப்பேர், ஊருக்கு டிக்கெட்டுன்னு 2,300 டாலர் தேச்சுட்டேன், அடுத்த சம்பளத்துல கட்டிடலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள கண்டுபுடிச்சு வெளிய அனுப்பிட்டாங்க. வீட்ல ‘லே ஆஃப்’னு சொன்னேன்.

2019ல வேற வேலை, கொஞ்சம் தெளிஞ்சு ரெண்டு ரிட்டர்னும் லேட்டா போட்டு ஐஆர்எஸ்கிட்ட (இங்க வரி வசூல் பண்ற டிபார்ட்மென்ட்) மாசத் தவணை வாங்கி கட்ட ஆரம்பிச்சேன், ஒரு மாசம் தவறல. பழைய கம்பெனிக்கும் அந்த 2,300 செக் அனுப்பிட்டேன். 2021 பிப்ரவரில இப்ப இருக்கற கம்பெனி ‘சீக்ரெட்’ங்கற லெவல் கிளியரன்ஸுக்கு ஸ்பான்சர் பண்ணுது. இந்த எடத்துல நான் உண்மைய எழுதிருந்தா பாதி கதை இல்ல.

ஃபாரம்ல செக்ஷன் 26ல கேக்குறான், கடந்த ஏழு வருஷத்துல சட்டப்படி போட வேண்டிய டாக்ஸ் ரிட்டர்ன போடாமலோ வரிய கட்டாமலோ விட்டதுண்டான்னு. நான்தான் இப்ப கட்டிட்டு இருக்கேனே, அப்ப இல்லன்னுதானே அர்த்தம்னு எனக்கு நானே ஒரு வக்கீலா வாதாடி ‘நோ’ அடிச்சேன். வேலைய விட்ட காரணத்துக்கு ‘பெட்டர் ஆப்பர்சூனிட்டி’. இதுக்கு பின்னாடி பெரிய சதித்திட்டம் எல்லாம் இல்லங்க, எங்க கம்பெனி செக்யூரிட்டி ஆபீசர் தான் ஃபாரத்த சரி பாத்து அனுப்புவாரு, அவருகூட தெனம் லஞ்ச் சாப்டுறேன், என் லெமன் ரைஸ்ல பாதி அவருதான் சாப்டுவாரு, அவரு கண்ணுல இது படக்கூடாதுன்னு ஒரு வெக்கம். அவ்ளோதான். அந்த வெக்கத்துக்கு ஆன பில்ல கீழ சொல்றேன்.

ஃபாரம் போனதுக்கப்பறம் தூக்கம் போச்சு. மே மாசம் ‘இன்வெஸ்டிகேட்டர் இன்டர்வியூக்கு கூப்டுவாரு’ன்னதும் ஒரு வக்கீல்கிட்ட போனேன் (இவரு வேற, இந்த ரிவ்யூ அவருக்கு இல்ல), நூத்துக்கு நூறு கேரண்டின்னாரு, கேட்டா மறந்துட்டேன்னு சொல்லிடுங்க, புரியாம டிக் பண்ணிட்டேன்னு சொல்லுங்க, இங்கிலீஷ் உங்களுக்கு செகண்ட் லாங்குவேஜ்தானேன்னாரு. இருவது வருஷமா இங்கிலீஷ்ல கோட் டாக்குமென்ட் எழுதி சம்பளம் வாங்குறவனப் பாத்து. 500 டாலர் போச்சு. கேரண்டின்னு எவன் சொன்னாலும் எந்திரிச்சு வந்துடுங்க. 1988ல ஈகன் கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை கெடையாதுன்னு, இல்லாத உரிமைக்கு இவன் என்ன கேரண்டி குடுப்பான். அந்த ஈகனும் நேவி சப்மரின் ரிப்பேர் பண்ற எடத்துல சாதாரண வேலைல இருந்தவருதான், அவருக்கு கிளியரன்ஸ் இல்லன்னதுக்கு சொன்ன காரணங்கள்ல பழைய தண்டனை ரெண்டை வேலை அப்ளிகேஷன்ல எழுதாம விட்டதும் ஒண்ணு. இத பின்னாடி வக்கீலம்மா சொல்லித்தான் தெரியும், சொல்லிட்டு கண்ணாடிக்கு மேல என்னைய ஒரு பார்வை பாத்தாங்க.

வக்கீலம்மா ஆர்மில வக்கீலா இருந்து ரிட்டயர் ஆனவங்க, ஒரு மணி நேர கன்சல்ட்டேஷன் 350 டாலர். அதுல முதல் இருவது நிமிஷம் பேசவே இல்ல, நான் அனுப்புன ஃபாரத்த பிரிண்ட் எடுத்து வெச்சு பேனாவ ஒவ்வொரு வரியா நகத்திட்டே இருந்தாங்க. செக்ஷன் 26ல பேனா நின்னுச்சு. “இது பொய்யா தப்பா?”ன்னாங்க. நான் அந்த சட்டப்படி-கட்டிட்டேனே விளக்கத்த ஆரம்பிச்சேன், கைய காட்டி நிறுத்தி அதே கேள்விய இன்னொரு தடவ கேட்டாங்க. பொய்னு சொன்னேன். அப்பதான் நோட்புக்க தொறந்தாங்க.

அடுத்த கேள்வி, “உங்க ஒய்ஃபுக்கு எவ்ளோ தெரியும்?” எதுவும் தெரியாதுன்னேன். அப்ப முதல்ல வீட்டுக்கு போங்க, உங்க பிரச்சனை கடன் இல்ல, உங்க ரகசியம் தெரிஞ்ச எவனும் உங்கள மெரட்டலாம், கவர்மென்ட்டுக்கு பயமே அதான்னாங்க. இந்த ஒரு பாயின்ட்டு எனக்கு அதுவரைக்கும் மண்டைல ஏறவே இல்ல. கிளியரன்ஸ் குடுக்கறவங்க கையேடு மாதிரி வெச்சிருக்கற ரூல்ஸ் 2017 ஜூன் 8ல இருந்து நடைமுறைல இருக்கு, ஏ-ல இருந்து எம் வரைக்கும் 13 கைட்லைன், எஃப் வந்து காசு சம்பந்தப்பட்டது, ஈ வந்து நடத்தை. நான் எஃப்ப பாத்துதான் பயந்தேன், ஆளக் கவுக்கப் போறது ஈதான்னு அவங்க அடிச்சு சொன்னாங்க. அம்மா திருச்சில இருக்கறதால ஃபாரின் இன்ஃப்ளூயன்ஸ்னு கைட்லைன் பி வருமான்னு கேட்டேன், அத பத்தி இப்ப யாரும் கவலப்படலன்னுட்டாங்க, வரவும் இல்ல.

வீட்ல சொன்னது ஒரு சனிக்கெழம. தோசை ஊத்திட்டு இருந்தா, போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ் சாவிய எடுத்து மேடைல வெச்சேன், இது என்னன்னா. சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்த தோசை கருகி வீடு பூரா பொக, ஸ்மோக் அலாரம் கத்துது, ரெண்டு பேரும் அத நிறுத்தவே இல்ல. இதுக்கு மேல இங்க எழுத முடியாது.

அப்பறம் சீட்டு. வக்கீலம்மா ரெண்டாவது மீட்டிங்ல, கிரெடிட் ரிப்போர்ட்ல வராத கடன் ஏதாச்சும் இருக்கான்னாங்க. இருந்துச்சு. 2017ல இங்க நம்ம அக்கா ஒருத்தங்க இருவது பேரு வெச்சு மாசம் 500 டாலர் ஏலச்சீட்டு புடிச்சாங்க, நான் நாலாவது மாசமே 1,800 தள்ளி 8,200க்கு எடுத்துட்டேன், ஒம்போதாவது மாசத்தோட கட்டறத நிறுத்திட்டேன். மீதி பதினோரு தவணை, 5,500, அக்கா கைக்காச போட்டு மத்தவங்களுக்கு குடுத்து முடிச்சாங்க. ஒரு வார்த்த எங்கயும் சொல்லல. கோயில்ல பாத்தா நான்தான் வேற பக்கம் நடப்பேன். எந்த பேப்பர்லயும் இல்லாத கடன் இது, சொல்லாம விட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. வக்கீலம்மா கேட்டது ஒரே கேள்வி, அந்த லேடிக்கு தெரியும்ல? அன்னிக்கு சாயங்காலமே அக்கா வீட்டுக்கு போய் 2,000 குடுத்து மீதிய மாசம் 250ன்னு எழுதி குடுத்தேன். அக்கா காபி போட்டு குடுத்துட்டு காச எண்ணாமயே ஃப்ரிட்ஜ் மேல வெச்சாங்க, அது எண்ணிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்.

ஜூன்ல இன்டர்வியூ. வக்கீலம்மா சொல்லி அனுப்புனது, இன்வெஸ்டிகேட்டர் பேட்ஜ காட்டி உக்காந்ததும், அவரு கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி, நீங்களே தப்பா எழுதுன ரெண்டையும் சொல்லுங்க, கேட்டப்பறம் சொன்னா அது ஒப்புக்கறது, கேக்கறதுக்கு முன்னாடி சொன்னாத்தான் திருத்தறது. இந்த வித்தியாசம் ரூல்ஸ்லயே இருக்கு, ஆதாரத்தோட மடக்கறதுக்கு முன்னாடி நல்ல எண்ணத்தோட சீக்கிரமா திருத்துனா அது நம்ம பக்கம் நிக்கும். எனக்கு வாயெல்லாம் வறண்டு போச்சு, ஆனா சொல்லிட்டேன், டாக்ஸ், கார்டு, வேலைய விட்டு அனுப்புனது, சீட்டு எல்லாம். அவரு ஒரு சலனமும் இல்லாம நோட்ஸ் எடுத்தாரு, மூணு மணி நேரம். என்னய கேட்டா நான் குடுத்த மொத்த ஃபீஸுக்கும் வேல்யூ இந்த ஒரு அட்வைஸ்லயே கெடச்சிடுச்சு, ஃபாரம் அனுப்புறதுக்கு முன்னாடியே போயிருந்தா 350ல முடிஞ்சிருக்கும்ங்கறது வேற விஷயம்.

அப்பறம் ஒண்ணுமே நடக்கல. 2022ல எழுத்துல பதில் கேட்டு கேள்விங்க வந்துச்சு, வரவு செலவு பட்டியல், ஐஆர்எஸ் டிரான்ஸ்கிரிப்ட், ஒவ்வொரு கார்டுக்கும் கட்டுனதுக்கு ப்ரூஃப். அக்டோபர்ல எஸ்ஓஆர், அதாவது ஏன் குடுக்க யோசிக்கறோம்ங்கற காரணப் பட்டியல். ஒவ்வொரு குத்தச்சாட்டுக்கும் ஆமா இல்லன்னு இருவது நாள்ல பதில் எழுதணும், ஹியரிங் வேணுமா பேப்பர்லயே முடிவு பண்ணவான்னும் சொல்லணும். நான் ஒம்போது பக்கம் எழுதிட்டு போனேன், என் பொறப்புல ஆரம்பிச்சு. வக்கீலம்மா செவப்பு பேனாவால மூணு பக்கம் ஆக்கிட்டாங்க, ‘துரதிர்ஷ்டவசமா’ன்னு எங்கெல்லாம் எழுதிருந்தேனோ அங்கெல்லாம் அடிச்சிருந்தாங்க. “வேலை போனது துரதிர்ஷ்டம், டிரேடிங் நீங்க பண்ணது”ன்னாங்க. வேலை போறது, வியாதி, டைவர்ஸ் மாதிரி நம்ம கைல இல்லாத காரணத்த ரூல்ஸ் ஏத்துக்கும், ஆனா அந்த நேரத்துல பொறுப்பா நடந்தோமான்னும் சேத்தே கேக்கும், அதுல எனக்கு மார்க்கு கம்மி, அத மறைக்க வேணாம்னாங்க.

கடன் விஷயத்துல நம்மாளுங்க பேசிக்கறது பாதி தப்பு. ஏழு வருஷம் ஆனா கிரெடிட் ரிப்போர்ட்ல இருந்து போயிடும் அப்பறம் பிரச்சனை இல்லம்பாங்க, ரிப்போர்ட்ல இருந்து போறது கடன அடச்சதா ஆகாது, டோஹா ஜட்ஜுங்க இத திரும்பத் திரும்ப எழுதறாங்க. (டோஹாங்கறது இந்த ஹியரிங் நடத்துற டிஃபன்ஸ் ஆபீஸ், ஆர்லிங்டன்ல இருக்கு. அதோட தீர்ப்பெல்லாம் பேரு இல்லாம ஆன்லைன்ல கெடக்கு, வக்கீலம்மா எனக்கு பத்து தீர்ப்பு ஹோம்வொர்க் குடுத்தாங்க, ராத்திரி சீரியல் பாக்குற மாதிரி படிச்சேன்.) அதே மாதிரி மொத்த கடனையும் கட்டி முடிக்கணும்னும் இல்ல, நம்பற மாதிரி ஒரு ப்ளான், அதுபடி கட்டிட்டு வர்றதுக்கு ப்ரூஃப், இது ரெண்டும்தான். எஸ்ஓஆர் வந்தப்பறம் அவசரமா கட்டறதுக்கு மரியாதை கம்மி. என்னைய காப்பாத்துனது 2019ல இருந்து ஓடுன ஐஆர்எஸ் தவணைதான். ரெண்டு கார்டு கட்டி முடிச்சாச்சு, ஒண்ணு தவணைல, ஒண்ணு கலெக்ஷன் ஏஜென்சிகிட்ட 9,200க்கு 4,000ன்னு செட்டில் பண்ணது. அதுலயும் வக்கீலம்மா புடிச்சாங்க, தள்ளுபடி ஆன 5,200க்கு 1099-சிங்கற டாக்ஸ் ஃபாரம் வந்துச்சா, அத வருமானமா காட்டுனீங்களான்னு. காட்டிருந்தேன், என் வாழ்க்கைல நான் ஒழுங்கா பண்ண ஒரு வேலை. லாப நோக்கம் இல்லாத ஒரு கிரெடிட் கவுன்சலிங் எடத்துக்கும் அனுப்புனாங்க, அங்க ஒரு பாட்டி எங்க வீட்டு பட்ஜெட்ட பாத்து கேபிள கட் பண்ணச் சொல்லுச்சு, பண்ணியாச்சு.

ஹியரிங் 2023 ஜூன்ல வீடியோல. ஜட்ஜு, கவர்மென்ட் பக்க வக்கீல், பேசுறத எல்லாம் பதிவு பண்ற கோர்ட் ரிப்போர்ட்டர், நாங்க. பொய் சொன்னா கிரிமினல் குத்தம்னு 18 யு.எஸ். கோட் 1001 பத்தி ஜட்ஜு முதல்லயே சொல்லிட்டாரு. கவர்மென்ட் வக்கீல் மரியாதையாத்தான் பேசுனாரு ஆனா விடல, நோ அடிச்ச அந்த நிமிஷம் மனசுல என்ன ஓடுச்சுன்னு நாலு விதமா கேட்டாரு. வெக்கம்னு நாலு தடவையும் சொன்னேன். சீட்டு வந்ததும் எல்லாம் நின்னு போச்சு. கோர்ட் ரிப்போர்ட்டர் கைய தூக்கி ஸ்பெல்லிங் ப்ளீஸ்னாங்க, சி, ஹெச், ஐ, டின்னேன். ஜட்ஜுக்கு விளங்கல, பேங்க்கா, லோனா, லாட்டரியான்னு கேட்டாரு. ஏலம் கூவுறது, தள்ளு எடுக்கறது, அந்த தள்ளுபடிய மத்தவங்க பங்கு போட்டுக்கறதுன்னு அமெரிக்க கவர்மென்ட் ரெக்கார்டுல பத்து நிமிஷம் ஏலச்சீட்டு கிளாஸ் எடுத்திருக்கேன். எல்லாம் கேட்டுட்டு அவரு, “எழுத்துல எதுவும் இல்லாம இருவது பேர் காசு குடுக்கறாங்களா? எதை நம்பி?”ன்னாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, வக்கீலம்மா அக்காவோட லெட்டர எடுத்து எக்ஸிபிட்டா குடுத்தாங்க. ரெஃபரன்ஸ் லெட்டருக்கு நான் டீம் லீடு, தமிழ்ச் சங்க ஆளுன்னு லிஸ்ட் போட்டப்ப, உங்க மோசமான பக்கத்த பாத்தவங்க யாருன்னு கேட்டு அக்காகிட்ட அனுப்புனது அவங்கதான். அக்கா எழுதிருந்தாங்க, இவன் என்னை ஏமாத்துனான், நாலு வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்து ஒத்துக்கிட்டான், அதுக்கப்பறம் ஒரு மாசம் கூட தவறலன்னு. மூணே வரி.

அப்பறம் ஒய்ஃப சாட்சியா கூப்டாங்க. எப்ப தெரிஞ்சுதுன்னு கவர்மென்ட் வக்கீல் கேட்டாரு, 2021 மேன்னா. தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க? “ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் எல்லா பேங்க் பாஸ்வேர்டையும் நான் மாத்திட்டேன், இப்ப வரைக்கும் அவருக்கு தெரியாது”ன்னா. ஜட்ஜு லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு, வீடியோ கொஞ்சம் ஃப்ரீஸ் ஆச்சு, உறுதியா சொல்ல முடியல.

ஆகஸ்ட்ல தீர்ப்பு வந்துச்சு, கெடச்சிடுச்சு. கிளியரன்ஸ் கெடைக்காம இருந்திருந்தா மறுபடி அப்ளை பண்ண ஒரு வருஷம் காத்திருக்கணும், அதுக்குள்ள கம்பெனி என்னைய வெச்சிருக்குமாங்கறது சந்தேகம். இப்பவும் தொடர்ச்சியா கண்காணிப்பு உண்டு, கார்டு பில் தவறுனா அவங்களுக்கு தானா தெரிஞ்சிடும். ஒய்ஃப் ஒருத்தி போதாதுன்னு.

ஃபீஸ்: கன்சல்ட்டேஷன் 350, இன்டர்வியூக்கு தயார் பண்ண 900, எஸ்ஓஆர் பதில் 3,500, ஹியரிங் 5,500. மொத்தம் 10,250 டாலர், நாலு தவணைல வாங்கிக்கிட்டாங்க, கிரெடிட் கார்டு நீட்டுனப்ப மட்டும் “அத உள்ள வைங்க”ன்னாங்க. கொற சொல்லணும்னா ஈமெயிலுக்கு பதில் வர ஒரு வாரம் ஆகும், ஒரு தடவ மூணு வாரம் ஆச்சு. அசிஸ்டன்ட் எக்ஸிபிட்ல வேற யாரோட கேஸ் நம்பரோ போட்டு கடைசி நேரத்துல மாத்துனாங்க. ஆறுதலா ஒரு வார்த்த எதிர்பாக்காதீங்க, ஜெயிச்ச அன்னிக்கு கூட “தவணைய தொடர்ந்து கட்டுங்க”ன்னு ஒரே லைன் மெயில்.

ஒரு ஸ்டார் கொறச்சது அதுக்கெல்லாம் இல்ல, கடைசி பில்லுல ‘பைண்டர் மற்றும் பிரிண்டிங் 140 டாலர்’னு இருந்துச்சு. வீடியோ ஹியரிங்குக்கு எதுக்குங்க பைண்டர்? கேட்டதுக்கு வழக்கமா போடறதுன்னாங்க. அந்த பைண்டர ஒய்ஃப் தூக்கிப் போட விடல, மஞ்சப் பைல சுத்தி வீட்டுப் பத்திரத்தோட சாமி அலமாரில வெச்சிருக்கா, அக்கா லெட்டர் இருக்கற பக்கத்துல மட்டும் ஒரு பேப்பர் கிளிப் போட்டு.